டெக்சன் பிஎல்-330: வேலூர் மொட்டைமாடியில் சிற்றலை இன்னும் எடுக்குமா?

பெட்டியைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: டெக்சன் பிஎல்-330 நல்ல ரேடியோ பெட்டி. சட்டைப்பையில் போடலாம், சிற்றலையை (தூர நாட்டு வானொலி வரும் ஷார்ட்வேவ்) 1711 முதல் 29999 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் எடுக்கும், எஸ்எஸ்பி (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கேட்கும் முறை) உண்டு. ஆனால் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஓர் அடுக்குமாடி வீட்டு ஹாலில், கூடவே வரும் கம்பி ஆன்டெனாவை மட்டும் நீட்டிவிட்டுக் கேட்டால் கொர்ரென்ற இரைச்சலைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ‘சிற்றலையே செத்துப்போச்சு சார்’ என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். செத்தது பாதி. மீதிப் பாதியை நம் வீட்டு எல்இடி பல்பும் சார்ஜரும் மூடி வைத்திருக்கின்றன. அதனால் இந்த மதிப்புரையில் பெட்டிக்குக் கொடுக்கும் இடத்தை விட ஒயருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் கூடுதல் இடம்.

முதலில் இழப்பை அளந்துவிடுவோம். எது இல்லை என்று தெரியாமல் வாங்கினால் இல்லாததைத் தேடியே விரல் தேயும். 1941 மே 3-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் இறுதியோடு சிற்றலையை விட்டது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ரேடியோ வெரித்தாஸ் 2018 ஜூன் 30-ல் நிறுத்தியது. பிபிசி இந்தி 2020 ஜனவரி 31-ல் முடிந்தது. நெதர்லாந்தின் ஆங்கில ஒலிபரப்பும் கனடாவின் சர்வதேச வானொலியும் 2012 ஜூனில் ஒரே வாரத்துக்குள் போயின. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31 வரை தாக்குப்பிடித்தது. நம் பக்கம் பிபிசி ஆங்கிலம் பளிச்சென்று விழுவதற்குக் காரணமாக இருந்த சிங்கப்பூர் கிராஞ்சி மறு ஒலிபரப்பு நிலையத்தை 2023-ல் மூடிவிட்டார்கள். 2025 மார்ச் நடுவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஒரே வாரக்கடைசியில் அமைதியானது.

இணையம் வந்ததால் என்பது பாதி பதில். மறுபாதி கரண்ட் பில். 500 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் 70 சதவீதத் திறனில் ஓடினால்கூட மணிக்கு 700 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஏசி உள்ள ஒரு வீடு இரண்டு மாத பில்லில் காட்டுவதை அது ஒரு மணி நேரத்தில் எரித்துவிடும். அரசாங்கக் கஜானாவில் யாராவது கத்தரி எடுத்தால் முதலில் கண்ணில் படுவது இந்தச் செலவுதான். ஆனாலும் போர் வந்தால் பழைய கருவி ஞாபகத்துக்கு வருகிறது: 2022 மார்ச்சில் உக்ரைனுக்காக பிபிசி 15735, 5875 கிலோஹெர்ட்ஸில் தினம் நான்கு மணி நேரம் புதிதாகத் தொடங்கியது.

மிச்சம் என்ன? எந்த பேண்டைத் திறந்தாலும் முதலில் மோதுவது சீனம்தான். 1963 ஆகஸ்டு 1 முதல் தமிழிலும் பேசிவரும் வானொலி அது. அதற்குப் பிறகு ருமேனியா, கொரியாவின் கேபிஎஸ், துருக்கி, ஜப்பானின் என்எச்கே, தைவான், கிறிஸ்தவ நிலையங்கள், நம் ஆகாசவாணி. தமிழ் நிகழ்ச்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் வாங்க வேண்டாம். செல்போனில் ஏமாற்றம் குறைவு. சிற்றலையைத் தேடுவதே பிடிக்கும் என்பவர்களுக்கான பெட்டி இது.

இனி பெட்டி. அளவு தோராயமாக 14 செ.மீ. நீளம், எட்டரை செ.மீ. உயரம்; எடை கால் கிலோவுக்குக் குறைவு. உள்ளே சிக்னலை டிஜிட்டலாகக் கையாளும் ஒரே டிஎஸ்பி சில்லு. பழைய பிலிப்ஸ், மர்ஃபி பெட்டிகளில் இருந்த காயிலும் ஐஎஃப்டியும் (சிக்னலை வடிகட்டும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்) கிடையாது. எண் பொத்தான்களில் நேரடியாக அலைவரிசையை அடிக்கலாம். முள்ளைத் திருப்பி ‘இங்கே எங்கேயோ இருந்ததே’ என்று தேடிய தலைமுறைக்கு இதுவே பாதி சுகம். 850 நினைவு இடங்கள் கணக்குக்கு உண்டு. சிற்றலைக்கு அவ்வளவாகப் பயன்படாது. நிலையங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும், அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். மார்ச்சில் சேமித்தவை நவம்பரில் வெறும் இரைச்சல்.

தானாகத் தேடிச் சேமிக்கும் ஈடிஎம் வசதி இதில் மணிநேர வாரியாக வேலை செய்கிறது. காலை ஏழு மணிக்குத் தேடியது ஏழு மணிப் பட்டியலிலும், இரவு எட்டுக்குத் தேடியது எட்டு மணிப் பட்டியலிலும் இருக்கும். யோசனை நல்லது. சிக்கல் என்னவென்றால், சத்தமுள்ள வீட்டில் தேடலை முடுக்கிவிட்டால் எல்இடி டிரைவரின் ஒவ்வொரு ஊளையையும் ஒரு நிலையம் என்று எண்ணிச் சேமித்துவிடும். நாற்பது ‘நிலையங்கள்’ கிடைத்தன என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேடலை மாடியில், வெளி ஒயர் இணைத்த பிறகுதான் செய்ய வேண்டும்.

சாதாரண ஒலிபரப்பு கேட்க 2.5, 3.5, 9 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று அகலங்கள், அதாவது பெட்டி ஒரே நேரத்தில் உள்ளே விடும் அலைவரிசைத் துண்டின் அளவு. 9 என்பது பக்கத்தில் யாரும் இல்லாத வலுவான நிலையத்துக்கு மட்டும், 2.5 வைத்தால் பேச்சு கம்பளி போர்த்தியது போல இருக்கும். மற்றபடி 3.5-ஐ விட்டு நகர வேண்டியதில்லை. இடையில் 5 அல்லது 6 இல்லாதது குறைதான். எஸ்எஸ்பியில் 0.5, 1.2, 2.2, 3, 4 என ஐந்து இருப்பதால் அங்கே நிம்மதி. சிங்க்ரனஸ் டிடெக்‌ஷன் உண்டு, தேயும் சிக்னலைச் சிதறாமல் பிடிக்கும் வசதி அது; ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். சிக்னல் ஆழமாகத் தேயும்போது பிடியை விட்டுவிடும். அதே வேலையைக் கையால் செய்வது மேல். நிலையத்தை முதலில் சாதாரண முறையில் பிடியுங்கள். எல்எஸ்பி (அலையின் கீழ்ப்பக்கம்) அல்லது யுஎஸ்பிக்கு (மேல்பக்கம்; சார்ஜர் யுஎஸ்பி வேறு) மாறுங்கள். விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். நுண்சக்கரத்தை 10 ஹெர்ட்ஸாகத் திருப்பினால் விசில் தடித்து, மெதுவாகி, மறையும். அங்கே நிறுத்தி அகலத்தை 4 வையுங்கள். இரண்டு பக்கத்தில் எது சுத்தமோ அதிலேயே இருங்கள். பக்கத்து நிலையம் 5 கிலோஹெர்ட்ஸ் மேலே உட்கார்ந்து கத்தினால் எல்எஸ்பி, கீழே என்றால் யுஎஸ்பி.

எஸ்எஸ்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க 10000 கிலோஹெர்ட்ஸ் போதும். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு நொடி டிக் அடிக்கும். யுஎஸ்பியிலும் எல்எஸ்பியிலும் மாறி மாறிக் கேட்டால் ஒரே சுருதி வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் பெட்டி காட்டும் அலைவரிசை நகர்ந்திருக்கிறது என்று பொருள். கத்திரி வெயிலில் ஜன்னல் திட்டில் கிடந்த பெட்டியை உடனே சோதித்து அதன் மேல் பழி போட வேண்டாம். நிழலில் அரை மணி நேரம் ஆறட்டும்.

பேட்டரி பிஎல்-5சி, அதாவது பழைய நோக்கியா பட்டன் போன் பேட்டரி. இந்தப் பெட்டியில் நமக்குச் சாதகமான முக்கிய விஷயம் இது. செல்போன் கடை உள்ள எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும். வாங்கும்போது சமதளத்தில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரமாகச் சுற்றினால் உப்பியிருக்கிறது, வேண்டாம். சார்ஜ் செய்ய மைக்ரோ யுஎஸ்பி. சார்ஜ் ஏறும்போது கேட்க நினைக்கவே வேண்டாம். சார்ஜரின் இரைச்சல் நேராக ஆன்டெனாவுக்குப் போய்விடும். இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதே வழி.

ஸ்பீக்கர் பேச்சுக்குத் தெளிவு, பாட்டுக்குச் சுமார். ராத்திரி கேட்பவர்கள் ஹெட்போன் போட்டுக்கொள்ளவும்.

இப்போது இரைச்சல். பெட்டியைப் பேட்டரியில் ஓடவிட்டு, 9400 முதல் 9900 வரையிலான 31 மீட்டர் (இது அலைநீளம்) பேண்டில் காலியான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது கொர் திரும்புகிறதோ அந்த வரிசையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது இவைதான்: மலிவான எல்இடி பல்பு, ஃபைபர் இணையப் பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர், இ-ஸ்கூட்டர் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர். எல்லாமே மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஸ்விட்சிங் சப்ளை. உள்ளே இரைச்சலை வடிகட்ட வேண்டிய காயிலையும் கெபாசிட்டரையும் இரண்டு மூன்று ரூபாய் மிச்சத்துக்காக விட்டுவிடுகிறார்கள். மெயினை இறக்கியும் சத்தம் குறையவில்லை என்றால் பக்கத்து வீடு அல்லது இபி லைன். வெயில் காலத்தில் தட்டையான ‘பர்ர்’ ஒலி எல்லா பேண்டிலும் கேட்டு, ஒரு மழை பெய்ததும் மறைந்தால் கம்பத்தில் தளர்ந்த இணைப்பிலோ இன்சுலேட்டரிலோ பொறி பறக்கிறது. புகார் கொடுக்க அதுவே போதுமான காரணம். வானொலிக்காக என்று சொல்லாமல் ‘பொறி பறக்குது’ என்று சொன்னால் ஆள் சீக்கிரம் வருவார்.

இணையப் பெட்டியை அணைக்க முடியாத வீட்டில் அதன் அடாப்டரை மாற்றலாம். 15 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் டயோடு, 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர், 7812 ஐசி. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் என்ன என்று கேட்பார்கள். டயோடு கழிவு போக ஐசிக்கு உள்ளே 15 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் போகும். மாலையில் வீட்டு வோல்டேஜ் இறங்கினால் ஐசி பிடிப்பை இழந்து இணையம் துண்டு துண்டாகும். 15 போட்டால் அந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு ஐசி நன்றாகச் சுடும். உள்ளங்கை அளவு ஹீட்சிங்க் கட்டாயம். மற்ற ஒயர்களுக்கு, பிளவு ஃபெரைட் கிளிப்பை (ஒயரைச் சுற்றி மாட்டும், இரைச்சலைத் தடுக்கும் வளையம்) ஒரு தடவை மாட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பதில் அர்த்தமில்லை. அதற்குள் ஒயரை ஐந்தாறு சுற்று சுற்றினால்தான் சிற்றலையில் தடை கிடைக்கும்.

காந்தி சாலைப் பக்கம் லாட்ஜ் போர்டுகளுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கும், ராணிப்பேட்டை, ஆம்பூரில் தோல் தொழிற்சாலை மோட்டார் டிரைவ்களுக்குப் பக்கத்துச் சுவர்க்காரர்களுக்கும் இதெல்லாம் பயன் தராது. அவர்கள் பெட்டியோடு வெளியே போவதே புத்திசாலித்தனம். தண்ணீர் இல்லாத பாலாற்று மணல், ஊருக்கு வெளியே ஏரிக்கரை, இன்னும் மேல் என்றால் ஏலகிரி, ஜவ்வாது மலை. நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகத்தான் காவலூரில் தொலைநோக்கியை வைத்தார்கள். பழைய வட ஆற்காட்டின் அதே காடு காதுக்கும் அமைதி. கைபேசியை அணைத்து, வண்டியை நிறுத்தி, ஐந்து மீட்டர் ஒயரை ஒரு புளியமரக் கிளையில் வீசினால், வீட்டில் மூன்று நிலையம் கேட்ட பேண்டில் இருபது கேட்கும்.

வீட்டில்தான் கேட்பேன் என்றால் ஒயர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்க் கைப்பிடிச் சுவர் வரை 8 முதல் 10 மீட்டர், ஒரு சதுர மில்லிமீட்டர் பிவிசி ஒயர் போதும். செம்பு, அலுமினியம் என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு முனையிலும் நைலான் கயிறு. தென்னையில் கட்டினால் காற்றில் மரம் ஆடும்போது அறுந்துவிடும், கயிற்றை ஒரு வளையத்தில் விட்டு நுனியில் அரை செங்கல் தொங்கவிடுங்கள். இபி லைனுக்கு இணையாக ஓட வேண்டாம், குறுக்காக ஓடட்டும். அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் என்பதில் மட்டும் சமரசம் கிடையாது; இது இரைச்சல் விஷயமில்லை, உயிர் விஷயம்.

ஒயரை நேராக வீட்டுக்குள் இழுத்தால் மாடியில் சம்பாதித்ததைப் படிக்கட்டில் தொலைத்த கதை. கீழே வரும் பகுதி முழுக்க வீட்டு இரைச்சலை உறிஞ்சும். மாடியிலேயே, ஒயரைக் கேபிளோடு பொருத்தும் ஒரு 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அங்கிருந்து கேபிளில் இறக்க வேண்டும். எஃப்டி140-43 என்ற ஃபெரைட் வளையத்தில் ஒயர் பக்கம் 12 சுற்று, கேபிள் பக்கம் 4 சுற்று, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல். 12 சுற்றின் ஒரு முனை ஆன்டெனா ஒயருக்கு, மறுமுனை தனியாக மண்ணில் அடித்த ஒன்றேகால் மீட்டர் கம்பிக்கு. வீட்டு எர்த்தில் இணைத்தால் இரைச்சலைப் பின்வாசல் வழியாக அழைத்த மாதிரி. 4 சுற்று கேபிளுக்கு. டிவிக்கு ஓடும் ஆர்ஜி-6 போதும். பெட்டிக்குப் போகும் முனையில் 3.5 மில்லிமீட்டர் மோனோ பிளக். இந்த வளையம் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் பெயிண்ட் அடித்த ஏதோ ஒரு பச்சை வளையத்தை எடுத்து நீட்டுவார்கள். அது கம்ப்யூட்டர் சப்ளையின் இரும்புத் தூள் வளையம், இதற்கு ஆகாது. எண் சொல்லி இணையத்தில் வாங்குங்கள்.

பெரியதுதான் நல்லது என்று 25 மீட்டர் கட்டுகிறவர்கள் உண்டு. சின்ன டிஎஸ்பி பெட்டி அதைத் தாங்காது. ராத்திரி 41 மீட்டரில் இல்லாத இடத்தில் எல்லாம் நிலையம் முளைத்து, ஒன்றின் மேல் ஒன்று பேசும். அது நிலையம் இல்லை, பெட்டி திணறுகிறது. ஒயரைக் குறையுங்கள், இல்லையென்றால் கேபிளின் நடுவில் ஒரு கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் போட்டு சிக்னலை இறக்குங்கள். உண்மையான நிலையம் நிற்கும், போலி முதலில் மறையும்.

கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தூங்க வேண்டும். மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலே ஒயரில் ஏறும் மின்னூட்டம் சில்லைத் தின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைக்காதவர்கள் ஒயருக்கும் தரைக்கும் இடையில் ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் காற்றிலும் தூசியிலும் சேரும் மின்னூட்டம் வடியும். இடிக்கு அது பதில் இல்லை.

எந்த நேரம் எங்கே தேடுவது? விடியலில் 49, 41, 31 மீட்டர். வெயில் ஏறியதும் 19, 16. மாலை நாலு மணிக்கு மேல் 25, 22. இருட்டியதும் மறுபடி 31, 41. சூரியப் புள்ளிகளின் இந்தச் சுழற்சி 2024-ஐ ஒட்டி உச்சம் தொட்டதால் பகல் பேண்டுகள் இப்போது நல்ல தெம்பில் இருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் 16 மீட்டர் மெலியும். அட்டவணைகள் எல்லாம் உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

‘ஊரைச் சுற்றி மலை, அதனால்தான் எடுக்கவில்லை’ என்று வேலூர்க்காரர்கள் சொல்வது எஃப்எம்முக்குப் பொருந்தும். சிற்றலை வானத்திலிருந்து சரிந்து இறங்குகிறது; மலையின் காலடியிலேயே வீடு இருந்தால் ஒழிய அது தடையில்லை. நமக்கு உள்ள உண்மையான இடைஞ்சல் வேறு இரண்டு. ஒன்று, பெங்களூரு. ஆகாசவாணியின் 500 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்கள் அங்கே இருக்கின்றன, நமக்குச் சாலை வழியே 200 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் 9, 11 மெகாஹெர்ட்ஸில் அவை பல நேரம் சீன நிலையத்தை விட மெலிவாகக் கேட்கும். தரை வழி அலை இங்கே வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது. வானத்துக்குப் போன அலை நம் தலைக்கு மேலாகத் தாண்டி தூரத்தில் போய் இறங்குகிறது. தாண்டிக் குதிப்பவன் காலடியில் நிற்பவன் நிலைமை. இரண்டு, தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகும், பூமியின் காந்த நடுக்கோடு. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் இருட்டிய பிறகு சில நாள் எல்லாக் குரலும் ஓடும் ஃபேனுக்கு முன்னால் நின்று பேசுவது போல நடுங்கும். சிற்றலையைத் தரைக்குத் திருப்பும் மேல்வானத்து அயனி மண்டலத்தில் கிளம்பும் குமிழிகளின் வேலை அது. பெட்டியைத் தட்டுவதாலோ ஒயரை மாற்றுவதாலோ ஒன்றும் ஆகாது; நள்ளிரவுக்குப் பிறகு அடங்கும்.

ஒலிபரப்பு குறைந்த பேண்டுகளில் பெட்டிக்கு வேறு வேலையும் இருக்கிறது. 7000 முதல் 7200 வரை எல்எஸ்பியில் காலையில் ஹாம் நண்பர்களின் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) கூட்டம் கேட்கும். 14000-க்கு மேல் அதே ஆட்கள் யுஎஸ்பியில். 6676, 11387 கிலோஹெர்ட்ஸ் யுஎஸ்பி விமானங்களுக்கான வானிலை அறிக்கைக்கு ஒதுக்கப்பட்ட அலைகள். மத்திய அலையை 9 கிலோஹெர்ட்ஸ் படியில் வைத்தால் சென்னை 720, திருச்சி 936, இலங்கைக்காகத் தூத்துக்குடியிலிருந்து பேசும் 1053 எல்லாம் சரியாக எண்ணில் உட்காரும்; 10-ல் இருந்தால் 936-ம் 1053-ம் தவறிப்போகும். புதுப் பெட்டி வந்ததும் பலர் தடுக்கி விழும் இடம் இது. தொடர்ந்து அருவி கொட்டுவது போல ‘ஹோ’ என்ற தட்டையான சத்தம் 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு நின்றால் அது டிஆர்எம் டிஜிட்டல். இந்தப் பெட்டி அதைப் பிரிக்காது.

இதே விலைப் படியில் எக்ஸ்எச்டேட்டா டி-808 உண்டு. அகலங்கள் கூடுதல், விமான பேண்டு உண்டு, 18650 பேட்டரி நின்று ஓடும். சிற்றலை ஒலிபரப்பு மட்டும் என்றால் அதை எடுக்கலாம். பையில் போட்டு ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுவதானால் பிஎல்-330. திருவிழாக் கடையில் ‘9 பேண்டு’ என்று எழுதி, பென்டிரைவ் செருக ஓட்டை வைத்து விற்பதில் சிற்றலை என்பது ஸ்டிக்கர் மட்டும்.

விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது பொய்யாகிவிடும். சுங்கம் சேர்த்த விலையா, ரசீது உண்டா, திருப்பி எடுக்கும் காலம் எத்தனை நாள் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பெட்டி வந்த அன்றே: பேட்டரி முழுசாக ஏறுகிறதா, எல்லா எண் பொத்தானும் ஒரே அழுத்தலில் விழுகிறதா, 10000-ல் இரண்டு எஸ்எஸ்பி பக்கமும் ஒரே சுருதியா, வெளி ஆன்டெனா பிளக்கைச் செருகும்போது சத்தம் மாறுகிறதா, ட்யூனிங் சக்கரம் ஒரு படிக்குப் பதில் இரண்டு தாவுகிறதா. தாவினால் அந்தப் பெட்டி வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். இவ்வளவையும் மொட்டைமாடியில் செய்யுங்கள், ஹாலில் அல்ல.